எலும்பில்லாத நாற்பத்தொன்று

ஜூலை இரண்டாம் வாரம், சயான் நடைமேம்பாலம்,
கீழிருந்து மூன்றாவது படி.
பாதம் உள்பக்கம் மடங்கியது,
நான் வெளிப்பக்கம் விழுந்தேன்.
டப் என்றொரு சத்தம்.
குடைக்கம்பி என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் இசக்கியம்மாள்
'இஸ்கி அமல்' ஆகியிருந்தேன்.
இஸ்கி இஸ்கி என்று கம்பவுண்டர் கத்த
கிஸ்கி என்றான் வரிசையில் ஒருத்தன்.
எல்லோரும் சிரித்தார்கள்,
சுவரைப் பிடித்துக்கொண்டு நானும்.

வீட்டில் அதற்குப் பேர் கரண்டை.
மராத்தியில் கோட்டா.
ரிப்போர்ட்டில் ஆங்கிள்.
மூன்றும் ஒரே இடத்தில் வீங்கியிருந்தன.

பிசியோதெரபி மிருணாள் கோர்படே
எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
மழை வெளிச்சத்தில் என் பாதம்,
யாரோ கூழாங்கல் பொறுக்கி அடுக்கிய மாதிரி.
எலும்பு உடையவில்லை,
வெளிப்பக்கத் தசைநார்தான் கிழிந்திருக்கிறது என்றாள்.
பேனா மூடியால் ஒன்றைத் தொட்டாள்.
இது தாலஸ். மேலே கால், கீழே குதி, நடுவில் இது.
உன் எடை மொத்தமும் இதன் தலையில் இறங்குகிறது.
ஆனால் ஒரு தசைகூட இதில் ஒட்டவில்லை.
சுற்றியிருப்பவை நெருக்கிப் பிடிப்பதால் நிற்கிறது.

எனக்குத் தெரியும் அந்த எலும்பை.
எட்டு பதினாலு லோக்கலில்
கைப்பிடி எட்டாத இடத்தில்
தினமும் அதுவாகத்தான் நிற்கிறேன்.
அப்புறம் புடவைக் கடையில் பத்து மணி நேரம்.
அங்கே நெருக்கிப் பிடிக்க ஆளில்லை.

காலைத் தொங்கவிடு, பெருவிரலைப் பேனாவாக்கு,
காற்றில் ஏ பி சி டி எழுது, மூன்று வேளை.
பாதத்தில் இருபத்தாறு எலும்பு,
இங்கிலீஷில் இருபத்தாறு எழுத்து,
கணக்கு சரியாக இருக்கிறது பார் என்றாள்.

மாநகராட்சிப் பள்ளியில் இந்தி படித்தவள் நான்.
தமிழ் வாயில் உண்டு,
கடைப் பலகை வாசிக்கும் அளவு கண்ணில் உண்டு,
கை ஒருநாளும் எழுதியதில்லை.

கட்டிலுக்கு எதிரே
தாராவி நகைக்கடை கொடுத்த தினசரி காலண்டர்.
ராகுகாலம். எமகண்டம். குளிகை.
எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி
அதையே வரைந்தேன் காலால்.
ட சுலபம், ஓர் இறக்கம், ஒரு நீட்டல்.
ப-வும் ம-வும் நொண்டாமல் போய் வந்தன.
ண-வின் மூன்று சுழி முடிவதற்குள்
கரண்டையின் வெளிச்சரிவில்
சுண்ணாம்பு கொதித்தது.
ழ-வின் வாலில் குதிநாண் முறுக்கிக்கொண்டது.
சந்திராஷ்டமம் போட்டிருந்த நாளில்
ஷ்-இல் நின்று அழுதேன்.
அன்று அது என் ராசிக்கு இல்லை.

எல்லாவற்றையும்விட இ.
என் பேரின் முதல் எழுத்து.
உள்ளே சுழி, வெளியே திரும்பு,
மேலேறு, மறுபடி உள்ளே.
படியில் மடங்கிய அதே திசைக்கு
என்னைக் கூப்பிடுகிறது.
பாதி வழியில் கால் பயந்து நிற்கும்.
அரை இ-யோடு தூங்கிப்போவேன்.

எத்தனை எழுத்து உங்களுக்கு? மிருணாள் கேட்டாள்.
இருநூற்று நாற்பத்தேழு.
உடம்பு முழுக்க எண்ணினாலும்
இருநூற்றாறு எலும்புதானே,
மீதி நாற்பத்தொன்றை எங்கே வைப்பீர்கள்?
நாக்கை நீட்டிக் காட்டினேன்.

ஆகஸ்ட் கடைசியில் மறுபடி எட்டு பதினாலு.
நான்கு முதுகு, ஒரு டிபன் பை,
யாருடையதோ ஈரக் குடை.
ரப்பர் செருப்பின் நுனியில்
பெருவிரல் தன்பாட்டுக்கு நகர்கிறது.
இ வந்துவிட்டது.
ச.
க்-குக்கு வைத்த புள்ளி
எவளோ ஒருத்தியின் புறங்காலில் விழுந்தது.
திரும்பிப் பார்க்க அவளுக்கு இடமில்லை.
இன்னும் கி இருக்கிறது, யம்மாள் இருக்கிறது.
தாதர் வருகிறது.
பாதிப் பேர் இறங்குவார்கள்.